பக்கத்து லைனில் கேட்டவை

முருங்கைக்கீரை

ரிசீவரைக் காதில் வைத்ததும் ஒரு பெண் குரல், முருங்கைக்கீரையைக் கழுவிவிட்டு உருவ வேண்டுமா, உருவிவிட்டுக் கழுவ வேண்டுமா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது. பிறர் பேச்சைக் காதில் வாங்காமல் ஒரு டெலிபோன் லைனைச் சோதிக்க முடியாது. வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரிந்தவன்தான் எங்கள் தொழிலில் நிலைக்க முடியும். ரிசீவரை ரஹமதுல்லா பாயிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "தெரியும். பக்கத்து வீட்டு டீச்சரம்மா. நேத்து வாழைப்பூ," என்றார்.

அந்தக் காலத்தில் வீட்டில் போன் வைத்திருந்தவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கறுப்புப் பெட்டியை எடுத்தால் அடுத்த வீட்டுச் சமையல் கேட்கும். நீங்கள் எங்களைத் திட்டினீர்கள். நாங்கள் எங்கள் மேலதிகாரிகளைத் திட்டினோம். ஓசூரில் கம்பெனிகள் முளைத்த வேகத்துக்குக் கேபிள் வரவில்லை. வந்த கேபிளை அவசரத்தில் மழையிலும் சேற்றிலும் உட்கார்ந்து சேர்த்தோம். நான் அங்கே கேபிள் ஜாயின்டராக இருந்தேன். பூமிக்கு அடியில் வரும் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்த்து மூடுவது என் வேலை.

பாய் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் விடும் கான்ட்ராக்டர். எந்தக் கம்பெனிக்கு எந்த பஸ், எந்த டிரைவர் லீவு, எந்த மேனேஜர் கோபமாக இருக்கிறார், எல்லாம் அந்த போன் வழியாகத்தான் போகும். முருங்கைக்கீரை அவருக்குப் பெரிய விஷயமில்லை. டீச்சர் பேசுவது இவருக்குக் கேட்கிறதென்றால் இவர் பேசுவது டீச்சருக்கும் கேட்கும். அதுதான் அவரை உறுத்தியது. புகாரை எழுதிக்கொண்டு கிளம்பியபோது வாசல்வரை வந்து சொன்னார்: "என் வீட்டு போன்ல ஊரே பேசுது சார். நான் மட்டும் ரகசியம் மாதிரி பேச வேண்டியிருக்கு."

சானமாவு யானை

டீச்சர் வீட்டில் வேறு விதமான வரவேற்பு. ஜெயலட்சுமி டீச்சர் மதுரைப் பக்கம். கணவருக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்ததால் வந்தவர். புகார் உண்டா என்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை என்றார். காலையில் போனை எடுத்தால் பாய் வீட்டு டிரைவர் ராயக்கோட்டை ரோட்டுக் கடை ஒன்றிலிருந்து பேசுவது கேட்குமாம். சானமாவுக் காட்டில் யானை ரோட்டில் நிற்கிறது, பஸ்ஸை எடுக்க முடியவில்லை என்று அவர் பாயிடம் சொல்வார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் அன்று தாமதமாகத்தான் பள்ளிக்கு வருவார்கள் என்று டீச்சருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அவர்களை வெளியில் நிறுத்துவதில்லை.

அவருக்கு இதன் காரணத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கம்பி. கேபிளுக்குள் அந்த இரண்டும் பின்னல் மாதிரி ஒன்றையொன்று சுற்றியபடி போகும். அப்படிச் சுற்றியிருக்கும்வரை பக்கத்துப் பேச்சு உள்ளே வராது. குழிக்குள் உட்கார்ந்து சேர்ப்பவன் நிறம் தெரியாமல் ஒரு ஜோடியின் கம்பியை இன்னொரு ஜோடியின் கம்பியோடு சேர்த்துவிடுவான். இரண்டு போனும் ஊமையாகும். கம்பத்துப் பெட்டியில் வேலை செய்பவன் குழியைத் திறக்கச் சோம்பல்பட்டு, மேலேயே ஒரு கம்பியை மாற்றிப் போடுவான். இரண்டு போனும் உயிர் பெற்றுவிடும். மணி அடிக்கும், பேசலாம், எக்ஸ்சேஞ்சில் சோதித்தால் குறை ஒன்றும் காட்டாது. ஆனால் குழிக்கும் கம்பத்துக்கும் நடுவே இரண்டு ஜோடியும் துணை மாறிப் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு ஒழுகும்.

சரிசெய்ய எத்தனை நாளாகும் என்று கேட்டார். குழியைத் தோண்ட மேலே அனுமதி வேண்டும் என்றேன். டீச்சர் சொன்னார்: "அவசரமில்ல சார். யானை எங்க நிக்குதுன்னு எனக்கு வேற யாரு சொல்லுவா."

ஹாரன்

லைன்மேன் நஞ்சப்பாவுக்குக் கெலமங்கலம் சொந்த ஊர். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கம்பத்தில் ஏறிவிட்டால் தெலுங்குப் பாட்டு. பாய் வீட்டு வயரைச் சோதித்துவிட்டுத் திரும்பி வரும்போது, அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பாய்க்கு ஒரே மகன், அன்வர். அப்பாவின் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வந்தவன். பிரேக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர்.

அந்தக் கம்பெனியில் ஸ்டிரைக் வந்தது. அன்வர் யூனியனில் இருந்தான். கம்பெனி வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேலையை நடத்தப் பார்த்தது. அவர்களை ஏற்றிவந்தது பாயின் பஸ். கான்ட்ராக்ட் கையெழுத்துப் போட்டது, விட்டால் மற்ற கம்பெனிகளும் போய்விடும் என்பது அவர் கணக்கு. முதல் நாள் டிரைவர்கள் பயந்ததால் அவரே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். கேட்டுக்கு முன்னால் அன்வர் பஸ்ஸை மறித்து நின்றான். டிரைவர் பிரேக் போட்டுவிட்டு பாயைப் பார்த்தார். அன்வரும் கண்ணாடி வழியாக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அன்வர் விலகினான். பஸ் உள்ளே போனது. ஸ்டிரைக் முடிந்தபோது வேலை போனவர்களில் அவனும் ஒருவன். பூனாவுக்குப் போய்விட்டான். அவன் குரல் இந்த வீட்டு போனில் வரக்கூடாது என்று பாய் சொல்லிவிட்டார். நஞ்சப்பா இதையெல்லாம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குள் பாய் சொன்னதை டிரைவரே தன்னிடம் சொன்னார் என்றார். பாய் சத்தம்கூடப் போடவில்லையாம். "ஹாரன் அடிப்பா, ஷிப்டுக்கு நேரமாச்சு."

ஒற்றை எண்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெரு வேலையாகப் போனவன் பாய் வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. அவர் போனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எண் வட்டத்தில் ஒரே ஒரு எண்ணைச் சுழற்றிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். யாருக்கும் போன் செய்யவில்லை. ஒரு எண்ணைச் சுழற்றினால் டயல் டோன் நின்றுவிடும். மீதி எண்ணுக்காக எக்ஸ்சேஞ்ச் காத்திருக்கும் கொஞ்ச நேரம் லைன் நிசப்தமாக இருக்கும். பிறகு எங்கேஜ் சத்தம் வந்துவிடும். அது வந்ததும் அவர் தாங்கியை அழுத்திவிட்டு மறுபடி அந்த ஒரே எண்ணைச் சுழற்றினார். எங்கள் ஆட்களே பலருக்குத் தெரியாத வழி அது. இருமல் வந்தபோது ரிசீவரின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டார்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. ரிசீவரை என்னிடம் கொடுத்தார். புகாரைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். அல்லது பழுது பார்க்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வேறு வழி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். காதில் வைத்தேன். ஒரு பெண் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "பூனாவுல மழையா? என்ன சொன்னே, கேக்கல, திரும்பச் சொல்லு." அதற்குப் பதிலாக ஒரு இளைஞனின் குரல், தொலைவில், ஆனால் வார்த்தைகள் புரிகிற அளவுக்கு. மெஸ்ஸில் சப்பாத்திதான், சோறு வாரத்துக்கு ஒருநாள் என்றது. பாயின் மனைவி பாத்திமா, டீச்சர் வீட்டுக்குப் போய் அங்கிருந்த போனில் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கட்டணம் குறைவு என்பதால் அன்று பூத்திலிருந்து கூப்பிடுவான் போலிருக்கிறது.

ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தேன். காதில் வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று மேலே எழுதினேன். அன்று அது என்னால் ஆகவில்லை. செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "அந்தக் கம்ப்ளெயின்ட் நான் குடுத்ததுதானே சார். நானே வேணாங்கறேன். விட்டுடுங்க."

மோடம்

விட்டிருப்போம். எங்கள் ஜூனியர் இன்ஜினியர் ஜே.இ.க்கு, எக்ஸ்சேஞ்ச் சோதனையில் குறை காட்டாத புகார் எதுவும் புகாரே இல்லை. ஆனால் அந்த வருடம் பிரேக் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் வந்தது. சென்னை ஆபீசுக்குத் தினமும் கணக்கு அனுப்ப, டெலிபோன் கம்பியிலேயே ஒரு மோடம் பெட்டியை மாட்டினார்கள். பேசுகிறவனுக்குப் பக்கத்துக் குரல் கேட்டால் எரிச்சல் வரும், ஆனாலும் சமாளித்துப் பேசிவிடுவான். மோடத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பாதிக் கணக்கு போகும், பிறகு அறுந்துவிடும். வேகத்தைக் குறைத்தார்கள். அப்போதும் அறுந்தது.

கம்பெனிக்காரர்கள் எங்கள் டிவிஷன் ஆபீஸ்வரை போய்விட்டார்கள். ஒரே நாளில் குழி தோண்ட அனுமதி வந்தது. வருடக்கணக்காக உங்கள் வீட்டு வாசலில் நின்று நாங்கள் சொன்ன பொய்களில் பாதி, இந்த அனுமதி வராததால் சொன்னவை. தோண்ட வேண்டிய இடத்தை ஜே.இ. வரைபடத்தில் காட்டியபோது எனக்குப் புரிந்தது. கம்பெனிக்குப் போகும் ஜோடியும் பாய் தெருவுக்குப் போகும் ஜோடிகளும் ஒரே குழியில்தான் சேர்க்கப்பட்டிருந்தன.

கம்பெனியில் கம்ப்யூட்டரைக் கவனித்தவர் கோயம்புத்தூர்க்கார இளைஞர். பாவம், அவரை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் அச்சாகி வந்த குப்பை எழுத்துகளை விரித்துக் காட்டிச் சொன்னார்: "ஊர்ல யாரு என்ன பேசினாலும் இதுக்குக் கணக்குன்னுதாங்க தோணுது. எல்லாத்தையும் எழுதிக்கப் பாக்குது."

குழி

குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இறைத்துவிட்டுப் பலகை போட்டு உட்கார்ந்தேன். ஜே.இ. மேலே குடையோடு நின்றார். நஞ்சப்பா பாய் தெருக் கம்பத்தில் உட்கார்ந்து சோதனை போனைக் காதில் மாட்டியிருந்தார். உறையை வெட்டித் திறந்ததும் தெரிந்தது. ஈரத்தில் நிறம் போன காகித உறைகள். சேர்த்தவனைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தன. கம்பெனி ஜோடியை முதலில் பிரித்துச் சரியான துணையோடு முறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து, கணக்கு முழுதாகப் போய்விட்டது என்று செய்தி வந்தது.

அதோடு மூடியிருக்கலாம். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திறந்த குழியில் துணை மாறிய ஜோடி ஒன்றுகூட இருக்க விட்டு மூடக்கூடாது. பின்னால் வருகிறவன் நம்மைத்தான் திட்டுவான் என்பது மட்டும் காரணமில்லை. ஜாயின்டருக்கு வேறு எதில் மரியாதை. ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தேன். டீச்சர் ஜோடியும் பாய் ஜோடியும் கைக்கு வந்தன. நாலு கம்பி. பிரித்துவிட்டேன். இனி அவற்றைச் சேர்த்தாக வேண்டும். சரியாகச் சேர்க்கலாம், அல்லது இருந்த மாதிரியே மாற்றிச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே அளவு வேலைதான்.

எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. "என்னய்யா, கை மரத்துப்போச்சா," என்றார் ஜே.இ. தெரிந்தே தப்பாக முறுக்க என் விரல் வளையவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள இப்போதும் எனக்கு விருப்பமில்லை, பழக்கம், அவ்வளவுதான். சரியாகச் சேர்த்தேன். கம்பத்துப் பெட்டியில் மாற்றிப் போட்டிருந்ததை நஞ்சப்பா நேராக்கினார். சோதனை போனில் அவர் குரல் வந்தது. "ஆய்த்து சார். பாய் லைன்ல ஒரு சத்தமும் இல்ல. கழுவி விட்ட மாதிரி இருக்கு."

இருமல்

சில வாரங்கள் கழித்து மார்க்கெட்டில் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். போன் இப்போது நன்றாக இருக்கிறது என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை. பாத்திமா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்து மகனோடு பேசுகிறார், வழக்கம்போல கத்துகிறார் என்றார். மெதுவாகப் பேசினாலே பையனுக்குக் கேட்கும் என்று இவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாராம். பாத்திமா தலையாட்டிவிட்டு மறுபடி கத்துவாராம். மகன் சொன்னதையெல்லாம் இரண்டு தடவை சொல்லவைப்பாராம்.

அந்தக் கத்தல் யாருக்காக என்று டீச்சருக்கு எப்போதோ புரிந்திருக்கிறது. குழியைச் சரிசெய்த செய்தியைத்தான் அவரால் பாத்திமாவிடம் சொல்ல முடியவில்லை. பாய்க்குத் தெரியும், அவரும் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் இத்தனை நாள் கேட்டதைச் சொல்ல வேண்டிவரும். அந்த அம்மாள் வாராவாரம் போகாத ஒரு லைனுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பப் பார்த்தேன். டீச்சர் பையைக் கைமாற்றிக்கொண்டார். போன வாரம் பாத்திமா கண்ணைத் துடைத்துக்கொள்ள உள்ளே போனபோது ரிசீவரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்போது அன்வர் இவரிடம் ஒன்று கேட்டிருக்கிறான். குரல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒழுகினால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒழுகும் என்று இவருக்கு வகுப்பெடுத்தவன் நான்தான். எனக்கே அது அதுவரை தோன்றவில்லை. அவன் கேட்டதை டீச்சர் அப்படியே சொன்னார்: "'டீச்சர், நாங்க பேசறப்பல்லாம் பின்னாடி ஒரு இருமல் கேக்குமே, இப்ப கேக்கல. அத்தாவுக்கு ஒடம்பு ஏதாச்சுமா?' அப்படிங்கறான் சார்."

புது இணைப்பு

பாயிடம் இதைச் சொல்லப் போனேன். சொன்னேன். அவர் ஷிப்ட் பஸ்ஸுக்கு டயர் மாற்றுவதைப் பார்த்தபடி நின்றார். "அவன் கேட்டானா?" என்றார். ஆமாம் என்றேன். "இருமல்னா கேட்டான்?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். நட்டை இறுக்கச் சொல்லி ஆளிடம் சத்தம் போட்டார். பழையபடி மாற்றிவிட முடியுமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் கம்பத்திலேயே ஏதாவது செய்திருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. அன்வருக்கு நேராகவே போன் போடுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "நீங்க ஒங்க வேலையப் பாத்தீங்க. நானும் அன்னிக்கு என் வேலையத்தான் பாத்தேன்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குப் புது இணைப்பு கொடுக்க வேண்டியிருந்தது. நானே கம்பத்தில் ஏறினேன். நஞ்சப்பா கீழே வயர்ச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். புகார் கொடுத்தவர், கொடுத்ததைத் திரும்பக் கேட்டவர், புகாரே கொடுக்காதவர் எல்லோருக்கும் ஒருசேரக் குறை தீர்த்துவைத்த எங்கள் இலாகாவைப் போல இன்னொன்று இருக்க முடியாது.

டீச்சர் வீட்டுக்குள்ளிருந்து பாத்திமாவின் குரல் உரக்க வந்தது. பூனாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, போர்வை இருக்கிறதா, எந்த நிறம். என்ன சொன்னே, திரும்பச் சொல்லு. வயரை மேலே வாங்கிக்கொண்டு கீழே பார்த்தேன். பாய் தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். போன் மூலையில் இருந்தது, அதன்மேல் துணி போர்த்தியிருந்தது. அவர் எழுந்தார். டீச்சர் வீட்டுப் பக்கம் இருந்த ஜன்னலின் கொண்டியை நீக்கி, இறுகியிருந்த கதவை உள்ளங்கையால் தள்ளித் திறந்து வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.